அவர் பார்க்கட்டும் என்று ஏறிய ரயில்

என் கணவர் என்னை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பைகளைக் காரில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர், "எனக்கு நிம்மதி வேணும்" என்றார். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு பெண்ணிடம் அந்த நிம்மதி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டேன். அவருக்காக ஊற்றியது. அதையும் நானே சாப்பிட்டேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அந்தப் புகைப்படத்தைத்தான்.

அவருக்கு ரயில் பித்து உண்டு. மலேசியாவில், எங்கள் ஊர்ப் பக்கம் செனாவாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். நான் அதே வட்டாரத்தில் ஷிப்ட் வேலை பார்த்தேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் கணினியைத் திறந்து அமெரிக்க ரயில்களைப் பார்ப்பார். இரட்டை மாடிப் பெட்டிகள், மலை வளைவுகள், கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டி. நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தால், "இங்க வந்து பாரேன், இந்த ரெண்டு நாற்காலியும் சேந்து கட்டிலாயிடுது" என்று கூப்பிடுவார். கையைத் துடைத்துக்கொண்டு போய் நிற்பேன். தூக்கம் கண்ணை இழுக்கும். "வேலைய விட்டதும் நாம ரெண்டு பேரும் சிகாகோல ஏறுறோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் நம்பினேன். நம்பியதற்காகத்தான் பிறகு என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நாங்கள் இருவரும் பிறந்தது மந்தின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் இப்போது இல்லை. மரத்தையெல்லாம் வெட்டி வீடமைப்பு வந்துவிட்டது. ஆனால் தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் ஒரு வாட்சாப் குழுவில் இருக்கிறோம். கல்யாணம், காரியம், திருவிழா எல்லாம் அங்கேதான். அவர் போய் ஓராண்டுகூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. ரயில் ஜன்னல். சிவப்பு வெல்வெட் இருக்கைகள். நடுவே சின்ன மேசை, மேலே ஒரு விளக்கு. ஒரு பக்கம் அவர், எதிரே அவள். 'அமெரிக்க ரயிலில் நாங்கள். கனவு நனவானது.'

என்னோடு ஒன்றாகத் தோட்டத்துப் பள்ளியில் படித்த பெண்கள் அதற்கு இதயம் இதயமாகப் போட்டார்கள். அதே பெண்கள் எனக்குத் தனியாக, 'மனசத் தேத்திக்கோ' என்று அனுப்பினார்கள். மனசு தேறவில்லை. ஒரே ஒரு ஆசைதான் வந்தது. அவர் எனக்குக் காட்டிய அதே ரயிலில் நான் ஏற வேண்டும். ஏறி, அதே குழுவில், அவர் கண்ணெதிரே படம் படமாகப் போட்டு வயிறெரிய வைக்க வேண்டும்.

என் மகன் சிகாகோவில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் குழந்தை பிறந்ததும் போனேன். என் நாத்தனாரும் கூட வந்தாள். அவரோடு பிறந்த தங்கைதான். ஆனால் அவர் செய்த காரியத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேச்சை விட்டுவிட்டவள். ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது, கலிபோர்னியா வரை ரயிலில் போய் அங்கிருந்து விமானம் ஏறுகிறோம் என்று மகனிடம் சொன்னேன்.

"நாள்கணக்கா ஒக்காரணும்மா. எதுக்கு இந்த வேலை?"

"உங்கப்பா பாக்கணும்."

கணினியைத் திறந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

சிகாகோவில் வெள்ளி நிறத்தில் அந்த ரயில் நின்றது. சிரம்பானில் நிற்கும் ரயிலைப் போல இரண்டு மடங்கு உயரம். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை. அறை என்றால் எதிரெதிரே இரண்டு நாற்காலிகளும் கதவும் மட்டும்தான். முழங்காலும் முழங்காலும் இடித்தன. நாற்காலிகளை இழுத்தால் கீழ்ப் படுக்கை. தலைக்கு மேலிருந்து இறக்கினால் மேல் படுக்கை. நாத்தனார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல நான் ஏறுனா எறங்க மாட்டேன் லா" என்றாள்.

வண்டி நகர்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். அவர் போட்ட படத்தைப் போலவே ஒன்று எடுக்க வேண்டும். அதே சிவப்பு இருக்கை, அதே விளக்கு, அவள் உட்கார்ந்த இடத்தில் நான். பெட்டி பெட்டியாக நடந்தோம். வண்டி ஆட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் தோளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனோம். சாப்பாட்டுப் பெட்டியில் நீல இருக்கை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கைகள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சிவப்பு வெல்வெட் எங்கேயும் இல்லை.

எங்கள் பெட்டியைக் கவனித்துக்கொண்ட பணியாளர் பருத்த உடம்புக்காரர், நல்ல மனிதர். தொழிற்சாலையில் நான் கற்ற ஆங்கிலத்தில் அவரிடம் படத்தைக் காட்டி, இந்த இருக்கை எங்கே என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இந்தப் பெட்டி எங்கேயும் போகாது. பழைய பெட்டிகளை இப்படி உணவகமாக மாற்றி நிறுத்தி வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்."

பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன. ஒரு கார் பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்து வெந்திருப்பேன்! அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஜன்னலைப் பார்க்கவில்லை.

நாத்தனார் அந்த நிமிடமே குழுவில் போட்டுவிட வேண்டும் என்றாள். நான் விடவில்லை. மலேசியாவில் அப்போது விடியற்காலை. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் வரட்டும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை டென்வரைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. ஊரில் அது சாப்பிட்டு முடித்துக் கைப்பேசியோடு சாயும் நேரம். கண்ணாடிப் பெட்டியில் இடம் பிடித்து, முதலில் மலையைப் படமெடுத்துப் போட்டேன். கீழே, மரியாதையாக, அவரைப் பார்த்தே எழுதினேன்: 'நீங்கள் போனபோது எங்கே ஏறினீர்கள்?'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சிகாகோவில்தான். மலை, ஆறு, எல்லாம் பார்த்தோம். மறக்க முடியாத பயணம்.'

"வந்து மாட்டிட்டான்" என்றாள் நாத்தனார்.

அவருடைய படத்தில் ஜன்னல் பகுதியை மட்டும் பெரிதாக்கி, கார்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். 'உங்கள் ரயில் ஏன் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது?'

நாத்தனாரும் விடவில்லை. 'அண்ணன் ரயிலுக்கு சக்கரம் இருந்துச்சா?'

முதலில் ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். அதன்பின் சிரிப்பு கொட்டியது. இதயம் போட்ட அதே பெண்கள்தான். வண்டி நீளமான சுரங்கத்துக்குள் போய்விட்டது. எங்களுக்குத் தொடர்பு அறுந்தது. வெளியே வந்து பார்த்தபோது அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று வந்திருந்தது. நான் எழுந்து போய், ஆறிப்போன காப்பியை வாங்கிக் குடித்தேன். அவ்வளவு ருசியான காப்பி அதற்கு முன் குடித்ததில்லை.

அதற்கு அடுத்த நாள், நெவாடா பாலைவனம் முடிந்து வண்டி மறுபடி மலை ஏறும்போது, அவர் தங்கையைக் கைப்பேசியில் கூப்பிட்டார். அவள் எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஏம்மா, கூடப் பொறந்தவன இப்படியா அசிங்கப்படுத்துவ?"

"நீ எங்கள அசிங்கப்படுத்தல?"

பிறகு தானாகவே சொன்னார். "அவளுக்கு ரயில் ஆவாதுன்னுட்டா. ஒரே பெட்டியில அடஞ்சு கெடக்க முடியாதாம். பிளேன்லதான் போனோம், வந்தோம்." குரல் தாழ்ந்தது. "இப்ப எங்க இருக்கீங்க?"

"மல ஏறுது."

"வலது பக்கமா ஒக்காருங்க. ஒரு பெரிய வளைவு வரும், அதுல இன்ஜின் தெரியும். அப்பறம் கீழ ஏரி. ஏரி தெரியுதா? கொஞ்சம் வீடியோல காட்டேன்மா."

நான் தட்டு கழுவும்போது கூப்பிட்ட அதே குரல். ஏரி எங்களுக்குக் கீழே நீலமாக விரிந்து கிடந்தது. நாத்தனார் கைப்பேசியை ஜன்னல் பக்கம் திருப்பப் போனாள். அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"தெரியுது. ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாத்தனார் என்னையே பார்த்தாள். "நீங்க பொல்லாதவங்க லா, அண்ணி."

ஆமாம் என்றேன். ஏரி மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து செனாவாங்கில் ஒரு கல்யாண விருந்து. அவர் தனியாக வந்து எங்களுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு ரயிலைப் பற்றிக் கேட்டார்கள். தேவைக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை.

"மல உச்சிக்குப் போனதும் அந்தக் கண்ணாடிக் கூரையத் தெறந்து விட்டாங்க பாரு! பனி அப்படியே கையில விழுது."

அப்படி ஒன்றும் கிடையாது. அந்தக் கூரை திறக்காது. அந்த மண்டபத்தில் அது தெரிந்த ஒரே ஆள், நாத்தனாரைத் தவிர, அவர்தான். சட்டென்று நிமிர்ந்தார். வாய்கூடத் திறந்தது. பக்கத்தில் இருந்தவர், நீதான் ஏறவே இல்லையே என்பதுபோல் பார்த்தார். அவர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

"அப்பறம்?" என்று கேட்டார்கள்.

"அப்பறம் டிரைவர் என்னைய கூப்பிட்டாரு" என்று ஆரம்பித்தேன்.