அத்தை வீடா, ஹாஸ்டலா

அழகுத்தாய் காலேஜ் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து, படுக்கை விரிப்பின் மூலையில் சிவப்பு நூலால் 47 என்று தைத்துக்கொண்டிருந்தாள். எண் போடாத துணி சலவைக்குப் போகாது என்று வார்டன் கொடுத்த தாளில் கண்டிருந்தது. விரிப்பு இரண்டு, துண்டு இரண்டு, தலையணை உறை ஒன்று. விரிப்பு ஒன்றும் துண்டு ஒன்றும் முடிந்திருந்தது.

மகள் சிவசங்கரி அறை பார்க்க மாடிக்குப் போயிருந்தாள். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டு மணிக்குள் போடாவிட்டால் கட்டில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மணி பதினொன்றே கால். கணவன் நல்லமுத்து காலையிலிருந்து அந்தத் தாளைத் தொடவில்லை. "இரு புள்ள, யோசிப்போம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். மூணாறுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, மூன்று பஸ் மாறி, பாலக்காட்டுச் சித்தூர் வரை வந்தபிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

நல்லமுத்துவின் தங்கை புருஷன் சென்னியப்பன்தான் அதைப் புரியவைத்தார். பக்கத்தில் பெருமாட்டி என்ற ஊர்க்காரர். துணைக்கு வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தன பாடு எதுக்குங்க? நம்மூடு இருக்குது. பஸ் ஏறுனா அரை மணி நேரம். ஆவணி வரைக்குந்தானுங்களே, புள்ள நம்மூட்டுலயே இருந்துட்டுப் போவுது."

ஊசி நின்றது. "ஆவணிக்கு அப்பறம் என்னண்ணே?"

சென்னியப்பன் மச்சான் முகத்தைப் பார்த்தார். மச்சான் செருப்பைப் பார்த்தான்.

"நா ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க" என்று அவர் கேட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.

ஆவணியில் நல்லமுத்துக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. தேயிலை பேக்டரி வேலை அதோடு சரி. குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஒருவர் பேராவது வேலைப் பதிவேட்டில் இருந்தால்தான் வீடு. இல்லையென்றால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும். வெளியே அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அழகுத்தாயின் பேர் பதினோரு வருஷத்துக்கு முன் எடுபட்டது. மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டு, குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, பத்து வருஷம் பார்த்தாள். மாமியார் போனபிறகு திரும்பச் சேரும்படி யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இனிப் பதிய மிச்சம் இருப்பது சங்கரியின் பேர். அத்தை வீட்டில் விட்டுவைத்தால் ஒரு போனில் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஹாஸ்டல் என்றால் வார்டன் காரணம் கேட்பாள்.

இந்தக் கணக்கு அவளுக்குப் புதிதில்லை. பதினேழு வயதில் தொடுபுழைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் உதவியாளர் வேலை படித்தவள் அவள். ஓர் அறையில் பன்னிரண்டு கட்டில், ஒரே குழாய், ஐந்து மணிக்கு வரிசை. தமிழச்சி என்று இளக்காரமாக "பாண்டி" என்று கூப்பிட்ட பெண்ணே பிறகு கப்பைக் கிழங்கும் மீனும் ஊட்டிவிட்டாள். நோயாளியைத் தூக்காமல் விரிப்பை மாற்றும் வித்தையை அங்கேதான் கற்றாள். பூட்டும் சாவியுமாக ஓர் அலமாரித் தட்டு அவளுக்கே அவளுக்கென்று இருந்ததும் அங்கே மட்டும்தான். பத்தாவது மாதம் அப்பா வந்தார். "பத்து நாளு வந்துட்டுப் போ தாயி" என்றார். வேலைக்கு ஆகாதபடி அவருக்குக் கால் போயிருந்தது. மறுநாளே தோட்டப் பதிவேட்டில் இவள் பேரைப் பதிந்தார்கள்.

"ஆக, எம்மகளையும் பத்து நாளுக்குத்தான் கூப்புடப் போறிய?"

"கத்தாத. ஆளு பாக்குது."

"கத்தல. கேக்கேன்."

"வேற என்ன செய்யச் சொல்லுத? நாப்பது வருசம் உழைச்சிட்டு நடுரோட்டுல நிக்கவா? காலேசு எங்கயும் ஓடிராது."

"எனக்கு ஓடிப்போச்சே."

அப்போதுதான் சங்கரி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"எம்மா, சன்னல் பக்கத்துக் கட்டிலு! ரூம்ல ஒரு கல்பாத்திக்காரப் புள்ள இருக்கா, வாயே மூட மாட்டேங்கா..." இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "என்னாச்சு?"

நல்லமுத்து சொன்னான். மறைக்காமல் சொன்னான், அந்த மட்டுக்கும் நல்லது. சங்கரி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப நா வந்து பேரு பதிஞ்சுக்கிடுதேன்ப்பா. படிப்பத் தபால்ல கூட..."

"நீ வாளியும் மக்கும் எங்க கெடக்குன்னு பாரு, போ" என்றாள் அழகுத்தாய். பிறகு கணவனிடம், "எம்பேரப் பதிவோம்."

"ஒனக்கா? அம்பது ஆனா எடுக்க மாட்டாக."

"ஐப்பசியிலதான அம்பது? இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"தோளுவலின்னு குடந்தூக்க முடியல. நீ கொழுந்து மூட்டை தூக்கப் போறியாக்கும்!"

"ஒங்க அம்மையத் தூக்குன தோளு."

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். வார்டன் மேசைக்குப் பின்னாலிருந்து, "ரக்ஷகர்த்தா ஆரு? அச்சனா, அம்மையா?" என்று மலையாளத்தில் குரல் கொடுத்தாள்; பொறுப்பாளர் அப்பாவா, அம்மாவா என்று கேள்வி. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணின் தகப்பன் எட்டிப் பார்த்தார். கட்டில் காலியாகுமா என்று அவருக்கு.

"அம்மை" என்றாள் அழகுத்தாய். போய்க் கையெழுத்துப் போட்டாள். தைக்காமல் விட்ட துண்டையும் உறையையும் ஊசிநூலோடு மகள் கையில் கொடுத்தாள். சங்கரிக்குக் கண் கலங்கியது. "மூக்கச் சிந்திட்டு மொதல்ல கொசுவலையக் கட்டு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது நல்லமுத்து கேட்டான்: "பேரு பதியுத ஜின்சன் சார் முடியாதுன்னுட்டா?"

வளைவுக்கு வளைவு அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அடுத்த வீட்டு அன்னமேரியிடம் பூட்ஸ் இரவல் வாங்கி, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, ஆட்களைப் பிரிக்கும் மஸ்டர் கொட்டகைக்குப் போய் நின்றாள். பீல்டு ஆபீசர் ஜின்சன் ஆதார் அட்டையை இரண்டு தடவை பார்த்தான்.

"சேச்சி, வயசு கரெக்டுதான். ஆனா கொழுந்து வெட்டற கத்தரி பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். எங்க காலத்துல கையாலதான் கிள்ளுனோம்."

"அது போச்சு. பத்து மணிக்கு ஒரு சாக்கு நெறச்சுக் காட்டுங்க. அப்பறம் பேசுவோம்."

முதல் அரை மணி நேரம் கத்தரி அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கொழுந்தோடு கட்டைத் தண்டும் வந்தது. பக்கத்து நிரையில் நின்ற ஜார்க்கண்ட் பெண் ஒன்றும் பேசாமல் வந்து, அவள் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டிவைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு கொஞ்சம் படிந்தது. வலது தோள் எரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் சாக்கைத் தராசில் வைத்தாள். ஜின்சன் கையை விட்டுத் துழாவி, முற்றின தண்டை இரண்டு பிடி அள்ளி வெளியே எறிந்தான். தராசு முள்ளைப் பார்த்தான், பிறகு அவள் தேய்த்துக்கொண்டிருந்த தோளைப் பார்த்தான்.

"டெம்பரவரிதான், சேச்சி. நாளைக்கு டிஸ்பென்சரில தோளக் காட்டி, வேலைக்கு ஆகும்னு எழுதி வாங்கணும்."

"வீடு?"

"பேரு இருக்கற வரைக்கும் வீட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் பதிவேட்டைப் பிரித்துப் புதிய வரியில் அவள் பேரை எழுதினான். ஒழுங்காக எழுதுகிறானா என்று அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு காலிச் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு, பாதியில் விட்ட நிரைக்கு ஏறினாள்.