முனியாண்டி விளக்கும் மண்டபத்து வெளிச்சமும்

ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற சிவசக்தி ஒரு காலத்தில் சிரித்த முகக்காரி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமே அழுதுகொண்டிருந்தாலும் அவளிடம் ஒரு கேலி மிச்சமிருக்கும்.

பொழுது சாய்ந்ததும் பாதை முனையிலிருக்கும் முனியாண்டிக்கு விளக்கேற்றுவது அவள் குடும்பத்து முறை. சாமிக்கு மட்டுமான விளக்கல்ல அது. மூடுபனியில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் அதைப் பார்த்து நேரே நடந்தால் லயம் வந்துவிடும். அந்தத் தோட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மேட்டில், ராசா காலத்துக் கல்மண்டபம் ஒன்று உண்டு. போன வருசம் அதைச் சுற்றிப் பெரிய பெரிய விளக்குகள் போட்டார்கள். லயத்துப் பாதைக்கு ஒரு பல்பு கேட்டுக் கேட்டு வாய் வலித்த சனத்துக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கல்லுக்கு எதுக்கு வெளிச்சம் என்று திட்டினார்கள். சிவசக்திக்கு மட்டும் அதன்மேல் கொள்ளை ஆசை. மாலையானால் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்து அதையே பார்ப்பாள். இவ்வளவு வெளிச்சம் இருக்கையில் எண்ணெய் எதற்கு என்று முனியாண்டி விளக்கைச் செவ்வாய், வெள்ளிக்கு மட்டும் ஏற்றத் தொடங்கினாள். முனியாண்டியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

புருசன் நல்லையா அப்போது மொனராகலையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். விளக்கு போட்ட சங்கதி அவனுக்குத் தெரியாது. போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"வந்து பாருங்க, ஒரு அதிசயம் இருக்கு."

என்ன அதிசயம் என்று அவன் எவ்வளவோ கேட்டான். பார்த்ததும் அவன் முகம் எப்படி மாறும் என்று காணும் ஆசையில் அவள் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவன், ஆவலை அடக்க மாட்டாமல் வியாழக்கிழமையே வந்துவிட்டான்.

அன்றைக்கு மூடுபனி கண்ணை மறைத்தது. பனிக்குள் எல்லா வெளிச்சமும் ஒரே மங்கல்தான். தூரத்தில் தெரிந்ததை முனியாண்டி விளக்கென்று நம்பி, பழக்கப்பட்ட மனுசன் நேரே நடந்திருக்கிறான். மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள்தான் அவனைப் பள்ளத்தில் பார்த்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு, மண்டபத்து விளக்குகளை எடுக்கச் சொல்லித் தோட்டமே கொதித்தது. பதுளையிலிருந்து வந்த அதிகாரி சிவசக்தியிடமும் கேட்டார்.

"அது எரியட்டுங்க. அதுமேல எனக்குக் கோவமில்ல. அது வந்திருக்குன்னு அவருகிட்ட நாந்தான் சொல்லல."

மண்டபத்து வெளிச்சம் இன்றும் எரிகிறது. முனியாண்டி விளக்கும் தினமும் எரிகிறது. ஏற்றிவிட்டு அவள் வீட்டுக்குப் போவதில்லை. கடைசி பஸ் வரும்வரை அங்கேயே நிற்கிறாள். பனிக்குள் காலடிச் சத்தம் கேட்டால் போதும், யார் எவரென்று பாராமல் குரல் கொடுக்கிறாள்.

"அங்கிட்டு தெரியிறது மண்டபங்க. இங்கிட்டு வாங்க."