நான் மூடிய மழைப் புகார்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பண்டாரவளையில் மரக்கறி லொறி, பிறகு பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் போன் திருத்தும் கடை. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. சம்பளமே இல்லாத ஒரு வேலையில்தான் மூன்று வருஷம் நிலைத்தேன்.

பல நாட்டு ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதிய ஓர் இலவசச் செயலிக்கான வேலை அது. தோட்டங்களில் இருப்பவர்கள் மழைமானியைப் பார்த்து அளவைப் போனில் பதிவார்கள். அளவு கூடினால் கிராம சேவகருக்குச் செய்தி போகும். மண் சரியுமுன் அவர் சரிவுக்குக் கீழே இருப்பவர்களை வெளியேற்றுவார். செயலியில் கோளாறு என்றால் யாரும் ஒரு பொதுப் பட்டியலில் எழுதலாம். தமிழிலும் சிங்களத்திலும் வருவதைப் படித்து, விளங்காததைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் புகாரை மூடிவிடலாம். மூடுவது எனக்குப் பிடித்திருந்தது. பட்டியல் குறைந்தால் வேலை செய்த மாதிரி இருக்கும்.

மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஓர் அக்கா எழுதியிருந்தார்: சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்த அளவு காணாமல் போகிறது. என்ன போன் என்று கேட்டேன். பதில் இல்லை. மூடினேன்.

ஐப்பசியில் பதுளையே நனைந்து கிடந்த வாரம், அந்த லயத்துக்கு நேரே செயலி பூஜ்யம் காட்டியது. பஸ் ஏறினேன். கடைசி மூன்று கட்டை, மூன்று மைல், நடை.

“ஏன்க்கா பதில் போடல? ரெண்டு வாரம் பாத்துட்டு மூடிட்டேன்.”

“அதான் சொல்லிட்டேனே தம்பி. கூரை ஒழுகுதுன்னு தோட்டத்து ஆபீசுல ரெண்டாவது தடவ போய் நின்னு பாருங்க. வாயாடின்னு பேர் வச்சிருவாங்க.”

“நான் ஆபீசு இல்லக்கா.”

“கேள்வி கேட்டா ஆபீசுதான்.”

அங்கே ஐந்து பேர் மழை அளந்தார்கள். ஐவருக்கும் இதே கோளாறு. லயத்துக்காக ஒரு ஆள் சொன்னால் போதும் என்று அவரை எழுத வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டியலிலோ பலர் எழுதியதுதான் மேலே வரும்; ஒருவர் மட்டும் எழுதியது அடியில் கிடக்கும்.

என் போனிலேயே அளவைப் பதிந்து, செயலியை மூடித் திறந்தேன். அளவு இல்லை. சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி, புகாரை மறுபடி திறந்து, ஐந்து பேர் என்றும், மூடியது என் தவறு என்றும் எழுதினேன். திருத்தம் வரும்வரை மேட்டுக்கு வந்து பதியச் சொன்னேன்.

“அட்ட கடிக்குமே.”

“கடிக்கும்க்கா.”

பத்து நாள் ஏறினார்கள். பிறகு திருத்தம் வந்தது. அடுத்த பெருமழையில் செய்தி போய், லயமே பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மறுநாள் அங்கிருந்தே அக்கா போனில் கூப்பிட்டார்.

“மண்ணு எதுவும் சரிஞ்சு விழல தம்பி. சும்மா குளிருல படுத்தோம்.”

“நல்லதுதானேக்கா.”

“நல்லதுதான். ஆனா இங்க லைட்டும் இல்ல, கக்கூசும் பூட்டிக் கெடக்கு. அத எங்க எழுதணும்?”

 விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

“ரெண்டு வாரம் பாப்பேன்” என்றார்.