வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அந்தப் படம் சாதாரண ஏ4 தாளில், மை தீரப்போகும் அச்சு இயந்திரம் ஒன்றில் எடுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் முகங்களுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. எங்கள் தமிழ் மன்றத்தின் மண்டபம். ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு நடக்கும் நேரம். கீழே டொச்சில், ஜேர்மன் மொழியில், ஒரே வரி: எத்தனை பேர் என்று எண்ணிவிட்டோம். மன்றத்தின் தபால்பெட்டிக்குள் கிடந்த அந்தத் தாளை நிர்வாகக் குழுவிலிருந்த ஐந்து பேரும் மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். தெருவில் நின்று கண்ணாடிக்கூடாக எடுத்த படம் என்றே எல்லோரும் நினைத்தோம். செயலாளர் அக்கா மட்டும் தாளை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செருப்புத் தட்டு தெருப்பக்கச் சுவரோட ஒட்டித்தானே நிக்குது. அதின்ர முன்பக்கம் இதில தெரியுது. வெளியில நிண்டால் அது தெரியாது. எடுத்தவன் உள்ளுக்கு வந்திருக்கிறான்."

அவருடைய கண் அப்படிப்பட்டது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணிகளின் பைகள் இயந்திரத்துக்குள் போகும்போது திரையில் விழும் படத்தைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், முதலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்து, பிறகு மொழி படித்து, பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். மன்றத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மூத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் செயலாளர் அக்காதான். நான் அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். ஜேர்மனியிலேயே வளர்ந்து, ஆஹென் நகரில் கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில், டொச்சில் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதற்காக என்னை நிர்வாகத்துக்குள் இழுத்துவிட்டார்கள்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். ஆளைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில், வகுப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கலாம் என்று தலைவர் சொன்னார். அவர் கோழையல்ல; அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் அந்தப் படத்தில் இருந்தார்கள். செயலாளர் அக்கா தன் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தார். "நிப்பாட்டுறதெண்டு எழுதச் சொன்னால் நான் எழுதமாட்டன். இப்பிடியான இடங்களுக்குக் காவல் போட அரசாங்கம் உதவி குடுக்குது. மன்றங்களும் கோயில்களும் கேக்கலாம். கேட்டுப் பாப்பம்."

"அது பெரிய இடங்களுக்குக் குடுக்கிறது," என்றார் தலைவர். "பழைய தளபாடக் கிட்டங்கியில பிள்ளையாரை வைச்சுக் கும்பிடுற எங்களுக்கு ஆர் தருவினம்?"

"தரமாட்டினமெண்டு அவையள் சொல்லட்டும். நாங்களே ஏன் சொல்லுவான்?"

இப்படித்தான் அன்ட்ராக், அதாவது உதவி கேட்கும் விண்ணப்பம், எழுதும் வேலை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. விண்ணப்பத்தோடு பொலிசின் பாதுகாப்பு அறிக்கை ஒன்றும் இணைக்க வேண்டும். அதற்குப் பொலிசிடம் டெர்மீன், சந்திப்பதற்கு ஒரு நாள், எடுத்தோம். பொலிசிலிருந்து வந்த பாதுகாப்பு ஆலோசகர் நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். கண்ணாடி மாற்ற வேண்டும், கமரா வேண்டும், வாசலில் வாகனம் ஏறாதபடி இரும்புத் தூண்கள் வேண்டும் என்று குறித்தார். பிறகு நடு மண்டபத்தில் நின்று, "ஆபத்து முன்வாசலால் வந்தால் நீங்கள் எந்த வழியாகப் போவீர்கள்?" என்று கேட்டார். சமையலறைப் பக்கத்துக் கதவைக் காட்டினேன். அந்தக் கதவும் முன்வாசலைப் போலத் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. முன்னால் நிற்பவனுக்கு இரண்டும் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுப் பின்சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் செயலாளர் அக்கா பேசத் தொடங்கினார். டொச்சில், தன் வேலையிடத்து அறிக்கையை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். அவருக்குப் பதினாறு வயதில், இடம்பெயர்ந்து போன சனம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தது. முற்றத்தில் ஷெல் விழுந்தது. மண்டபத்துக்கு ஒரு கதவுதான், அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. எல்லோரும் அதை நோக்கி ஓடி நெருக்கியதால் கதவை உள்ளே இழுக்க இடமில்லாமல் போயிற்று. இரண்டாவது ஷெல் கூரையில் விழுந்தது. "என் தங்கை எனக்கு முன்னால் நின்றாள். கதவுக்குக் கிட்ட," என்று முடித்தார். பதினைந்து வருடமாக அவரைத் தெரியும். தங்கை ஒருத்தி இருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழில் அவரால் அதைச் சொல்லியிருக்க ஏலாது என்று இப்போது நினைக்கிறேன். அந்த மொழியில் அழாமல் சொல்ல அவருக்கு வழியில்லை. ஆலோசகர் பேனாவை மூடி, பிறகு மறுபடியும் திறந்து, பின்சுவரில் ஒரு வெளியேறும் கதவு என்று எழுதினார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. மறுப்பு. எங்களுக்குக் குறிப்பான ஆபத்து இருப்பது போதிய அளவு காட்டப்படவில்லை. பின்கதவு கட்டட வேலை, அது பாதுகாப்பு நடவடிக்கைக்குள் வராது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம் என்று கடைசி வரியில் இருந்தது. கதவை விட்டுவிட்டுக் கண்ணாடியையும் கமராவையும் மட்டும் கேட்போம் என்று குழுவில் முடிவானது. கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி. கேட்டதெல்லாம் கிடைக்காமல் போவதைவிடப் பாதியாவது கிடைக்கட்டும் என்பது என் கணக்கு. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். கோபமில்லை. "தங்கச்சி, நீ கட்டடம் படிச்சனி. கண்ணாடி அவனை மறிக்கும், சரி. எங்களை ஆர் வெளியில விடுறது?"

அன்று எஸ்-பான் ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடினேன். மறுநாள் காலை அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "அக்கா, கதவோடையே எழுதுவம்."

"ஓம். எனக்குத் தெரியும்," என்றார்.

குழுவையும் சம்மதிக்க வைத்து ஆட்சேபம் எழுதத் தொடங்கினோம். குறிப்பான ஆபத்தைக் காட்டுவதற்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, செருப்புத் தட்டின் இடத்தையும் படம் எடுத்தவன் நின்ற இடத்தையும் அளவோடு வரைந்தேன். அவன் உள்ளே வந்திருக்கிறான் என்பதைக் காகிதத்தில் நிரூபித்தோம். அடுத்த சனிக்கிழமை ஆலோசகரை மறுபடியும் அழைத்து, வகுப்பு நடுவில் எல்லோரையும் வெளியேறச் சொல்லி நேரம் எடுத்தோம். பிள்ளைகள், தாய் தகப்பன், சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் ஒருவர், எல்லோரும் தெருவுக்கு வர நாலரை நிமிடம் பிடித்தது. யாரும் அவசரப்படாத, ஆபத்தில்லாத நாலரை நிமிடம். ஆலோசகர் அதை எழுதி, வெளியேறும் வழியும் தாக்குதலிலிருந்து பாதுகாப்பதன் ஒரு பகுதியே என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது பின்சுவரின் மறுபக்கம். அங்கே ஒரு டயர்க் கடைக்காரரின் முற்றம் இருந்தது. எங்கள் வாகனங்கள் அவர் வாசலை மறிக்கின்றன என்று வருடக் கணக்காக எங்களோடு சண்டை பிடித்தவர். இரண்டு முறை பொலிசைக்கூட அழைத்திருக்கிறார். அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் கதவு இல்லை. வடை, பாயசம் கொண்டு போகலாம் என்று தலைவர் சொன்னார். செயலாளர் அக்கா வேலைச் சீருடையோடு, பலகாரம் ஏதும் இல்லாமல் போனார். நான் பின்னால் நின்றேன். கடைக்காரர் ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டே, "என் முற்றத்தை நான் ஏன் உங்களுக்குத் திறந்துவிட வேண்டும்?" என்று கேட்டார். அக்கா பிள்ளைகளின் படம் இருந்த அந்தத் தாளின் பிரதியை அவரிடம் நீட்டினார். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்து, வாங்கிப் பார்த்து, கீழிருந்த வரியை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"இவர்கள் சனிக்கிழமைகளில் பாடுகிற பிள்ளைகள்தானே," என்றார்.

"ஆம்."

"எவ்வளவு அகலம் வேண்டும்?"

அனுமதிக் கடிதம் வந்தது ஒரு மழைநாளில். அன்ட்ராக் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது, கதவும் சேர்த்து. நான் அதை வாசிக்க வாசிக்கத் தலைவர் மேசையில் கையை ஊன்றி நின்றுவிட்டு, செயலாளர் அக்காவின் பக்கம் திரும்பி, "பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார். அதற்கு அவர், "இதை நான் குறிப்பில எழுதட்டோ?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். மாதக் கணக்கில் அந்த அறையில் யாரும் சிரித்திருக்கவில்லை.

கதவின் படத்தை நானே வரைந்தேன். இரட்டை இரும்புக் கதவு. இடுப்பளவு உயரத்தில் குறுக்கே ஒரு தண்டு. யார் மோதினாலும், எத்தனை பேர் நெருக்கினாலும், அந்தத் தண்டு அழுந்திக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். வெளியிலிருந்து திறக்க ஏலாது. பொருத்திய முதல் நாள் அக்கா கையைப் பயன்படுத்தாமல் இடுப்பால் இடித்துத் திறந்து, முற்றத்தில் இறங்கி நின்று, உள்ளே இருந்த எங்களைப் பார்த்தார். பிறகு அதைப் பதினைந்து முறையாவது திறந்து மூடியிருப்பார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வெளியேறிப் பார்க்கும் பயிற்சி வைத்தார். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, சரஸ்வதி பூசை நாள் மத்தியானம், அவன் வந்தான். நான் உள்ளே இருந்தேன். முதலில் கேட்டது பூட்டியிருந்த முன்வாசலின் புதிய கண்ணாடியில் விழுந்த கோடரி வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடி வெள்ளை வெள்ளையாக வெடித்தது, ஆனால் விலகவில்லை. பிறகு வாசலில் பெற்றோல் வாசம், தீ. மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஒரு கணம் எல்லோரும் உறைந்துபோய் நின்றதைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் செயலாளர் அக்காவின் குரல், கூட்டத்தில் குறிப்பு வாசிக்கும் அதே குரல், ஒலிவாங்கியில் வந்தது: "பயிற்சி மாதிரித்தான். பின்கதவு. சின்னாக்கள் முதல்ல."

சின்னவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது பழகிய வழி. தண்டு அழுந்தியது, இரண்டு கதவுகளும் அகலத் திறந்தன, குளிர்காற்று உள்ளே வந்தது. பின்னால் பெரியவர்கள். நெருக்கினார்கள்தான், நெருக்க நெருக்கக் கதவு திறந்தே இருந்தது. சக்கர நாற்காலிப் பெரியவரை நானும் தலைவரும் தள்ளிக்கொண்டு போனோம். வெளியே டயர்க் கடைக்காரர் தன் பெரிய வாசலைத் திறந்துவிட்டு, கையைக் காட்டிக் காட்டிப் பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா கடைசியாக வந்தார். கையில் அன்று வந்தவர்களின் பெயர் எழுதிய வரவுப் பதிவேடு. அடுத்த தெருவில், பொலிஸ் வண்டிகளின் சத்தத்துக்கு நடுவே, ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. கடைசிப் பெயருக்கும் வந்தது. அப்போதுதான் அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் தலையைச் சாய்த்து, தமிழில், தங்கையின் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னார்.

அவனை வாசலிலேயே பிடித்தார்கள். உள்ளே போக முடியாமல் கோடரியோடு நின்றிருந்தான். முன்பு தபால்பெட்டிக்குள் அந்தப் படத்தைப் போட்டவனும் அவன்தான் என்று விசாரணையில் தெரிந்தது. வெளிநாட்டுக்காரரை இந்த நாட்டிலிருந்து விரட்ட எங்களிலிருந்து ஆரம்பிக்கப்போவதாகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தானாம். நாங்கள் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. வாசல் கருகியிருந்ததால் அடுத்த சனிக்கிழமை அக்கா முதலில் உள்ளே போய்த் திறந்துவிட, எல்லோரும் டயர் முற்றத்தால், பின்கதவு வழியாக உள்ளே வந்தோம். அன்று புதிதாக ஏழு பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

செயலாளர் அக்கா இப்போது விமான நிலைய வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வீட்டில் இருப்பதில்லை. அந்த ஆலோசகர் மற்றச் சங்கங்களுக்குப் போகும்போது இவரையும் கூப்பிடுகிறார். அன்ட்ராக் எழுதித் தர நானும் போகிறேன். போன மாதம் ஆப்கானிஸ்தான் பெண்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்குப் போனோம். சின்ன மண்டபம், ஒரு பக்கம் தையல் இயந்திரங்கள், மறுபக்கம் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள். அக்கா சுவர்களைத் தட்டிப் பார்த்து, யன்னல்களை அளந்து, எத்தனை பேர் கூடுவார்கள் என்று கேட்டு எழுதினார். புறப்படும்போது அங்கிருந்த வயதான பெண் ஒருவர் எங்களை வாசலில் நிறுத்தினார். அவருடைய டொச் தட்டுத் தடுமாறியது. உங்கள் இடத்தில் தீ வைத்தார்களாமே, எத்தனை பேர் தப்பினீர்கள் என்று கேட்டார்.

செயலாளர் அக்கா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும்," என்றார்.