சில்லெண்டு இருந்த செட்டை

இண்டைக்குத் திருநெல்வேலிக் கடையொண்டில மகளின்ரை கொம்பியூட்டரைத் திருத்தக் குடுத்தன். மகள் புரோசசரின்ரை வேகத்தைக் கூட்டினாப் பிறகு அடிக்கடி நிண்டுபோகுது. திரையில வெப்பம் தொண்ணூற்றைஞ்சு பாகை.

"வேகத்தைக் குறைப்பம் அக்கா," எண்டார் கடைக்காரர்.

புரோசசருக்கு மேல, சூட்டை இழுத்து வெளியில விடுற அலுமினியச் செட்டையைத் தொட்டன். சில்லெண்டு இருந்தது.

"கழட்டுங்கோ தம்பி. சூடு மேல வரேல்லை."

செட்டைக்கு அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஆரும் உரிக்கேல்லை!

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிநாலில, சண்டையால கரண்ட் இல்லாத காலம், ஜெனரேற்றரில ஓடின எங்கடை கொம்பியூட்டருக்கு உடைஞ்ச தண்ணிப் பம்பின்ரை எஞ்சின் செட்டையை வெட்டிக் கட்டினன். தொட்டாக் குளிர். சூடே இல்லையெண்டு வேகத்தைக் கூட்டினன். அஞ்சு நிமிஷத்தில திரை உறைஞ்சுது. செட்டை புரோசசரில முட்டவேயில்லை.

இண்டைக்குத் தாளை உரிச்சுப்போட்டு, மகள் கூட்டின அதே வேகத்தில ஒரு மணித்தியாலம் ஓடவிட்டம். வெப்பம் எழுவது பாகையைத் தாண்டேல்லை.

"இதை எங்கை படிச்சனீங்கள்?" எண்டார்.

"தண்ணிப் பம்பில."

மகளுக்கு மட்டும் நான் இன்னும் வட்ஸ்அப் தெரியாத அம்மா. உங்கடை வீட்டில எப்பிடி?