நாய்க்கென்று ஒரு ஜிப்பா

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.35. லேசான பனி. மேற்கிலிருந்து காற்று, சட்டைக் காலரை அசைக்கிற அளவுக்கு மட்டும். கைபேசி பத்தொன்பது டிகிரி என்றது. எனக்கு அதைவிடக் குறைவாகப் பட்டது. ஆம்பூரை ஒட்டிய பாலாற்று மணலில் நின்றுகொண்டு, என் பக்கத்து வீட்டு பாயிடம் அவருடைய ஜிப்பாவின் பையைக் காட்டச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

நான் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் தோல் தரம் பிரித்தவன். மேஜையில் ஒரு தோல் விழுந்தால் அதில் எங்கே உண்ணிக் கடி, எங்கே முள் கீறல், எங்கே கத்தி ஆழமாகப் போயிருக்கிறது என்று பார்ப்பது வேலை. குறை இல்லாத தோல் என்று ஒன்று வந்தால் விளக்கடியில் இரண்டாவது முறை விரிப்பேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னோடு பேச வந்துகொண்டிருந்தவர்கள் நான்கு பேர். ஒருவரிடம், என் குடையை மாற்றி எடுத்துப்போனீர்களா என்று கேட்டேன். ஒருவர் நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் சதுரங்கக் காயை நகர்த்தினார் என்றேன். மூன்றாமவரிடம் கேட்டதை இங்கே எழுத முடியாது. மிச்சம் இருந்தவர் பாய். சின்ன அளவில் தோல் வியாபாரம் செய்து, மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, மாலை ஆனால் எங்கள் வாசல் நாற்காலிக்கு வருவார். அவரும் போய்விட்டால் மனைவியைத் தவிர இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லை. இது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நாய் எங்களுடையது. பழுப்பு நிறம், பெண், இரண்டு வயது. தோல் மூட்டை ஏற்றும் லாரிக்கு அடியில் கிடந்த குட்டியை மனைவி எடுத்து வந்தாள். சென்னையில் இருக்கும் மகள் ஒருநாள் ஒரு காணொளி அனுப்பினாள். இடிந்த கட்டடத்துக்குள் சிக்கியவர்களை மோப்பத்தால் தேடும் நாய்களுக்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்று அதில் இருந்தது. வீட்டு நாய்க்கும் விளையாட்டாகச் சொல்லித் தரலாமாம். "அப்பா, உங்களுக்கும் பொழுது போகும், அதுக்கும் மூளைக்கு வேலை" என்றாள்.

விளையாட்டு எளிது. ஒருவர் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். இன்னொருவர் நாயை அது தெரியாத இடத்தில் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு "தேடு" என்று அவிழ்த்துவிட வேண்டும். நாய் காற்றில் மூக்கைத் தூக்கி ஆளைக் கண்டுபிடித்துக் குரைத்தால், ஒளிந்தவர் அதற்குப் பிடித்த பொம்மையைக் கொடுத்துக் கொஞ்ச வேண்டும். பொம்மையை நானே செய்தேன். செருப்புக் கடைக்காரரிடம் ஆட்டுத்தோல் வெட்டுத் துண்டுகள் வாங்கி, அதில் மிருதுவான மூன்றைப் பொறுக்கி, பின்னலாகப் பின்னி முனையில் முடிச்சுப் போட்டேன். இந்தத் தெருவில் பிள்ளைகளின் பந்துகூட வெட்டுத் துண்டைச் சுருட்டித் தைத்ததுதான். நாய் அந்தப் பின்னலுக்காக உயிரையே கொடுக்கும்.

ஆற்றில் ஒரு பழைய பம்பு அறைச் சுவர் நிற்கிறது. அதன் பின்னால் நாயை நிறுத்துவோம். ஒளிவதற்குச் சீமைக் கருவேலம் புதர்களும், மணல் அள்ளிய பள்ளங்களும் இருந்தன. நோட்டு ஒன்று போட்டேன். தேதி, ஒளிந்தவர், எத்தனை தப்படி தூரம், எத்தனை நிமிடம், முடிவு, குறிப்பு என்று ஆறு கட்டம்.

பிப்ரவரி வரைக்கும் கணக்கு இது: பாய் ஒளிந்தது முப்பத்தொரு முறை, நாய் கண்டுபிடித்தது முப்பத்தொரு முறை. நான் ஒளிந்தது பன்னிரண்டு முறை, கண்டுபிடித்தது இரண்டு. மற்ற பத்து முறையும் அது என்னை நான்கடி தூரத்தில் கடந்து போனது. ஒரு தடவை என் காலை மோந்துவிட்டு, என்னை முன்பின் தெரியாததைப் போல நகர்ந்தது. மனைவி இரண்டு முறை ஒளிந்தாள், இரண்டு முறையும் கண்டுபிடித்தது. சோறு போடுகிறவள், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பாய்?

தோல் பதனிடும் குரோம் மருந்தின் நெடியில் முப்பத்து நான்கு வருடம் இருந்ததில் என் மூக்கு செத்துவிட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. நான் சரிபார்க்க முடியாத ஒரே சமாசாரத்தில் மற்றவனை நம்ப வேண்டியிருந்தது. அதுதான் உறுத்தியது. அதனால் கண்ணால் பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். பாய் மற்ற நாட்களில் வெள்ளை ஜிப்பா, நாளுக்கு ஒன்று. நாயோடு வரும்போது மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரே பழைய ஜிப்பா, பக்கவாட்டில் ஆழமான பை. முப்பத்தொரு முறையும் அதேதான், நோட்டில் குறித்திருக்கிறேன். பையில் கறித்துண்டு போட்டுக்கொண்டு வருகிறார், அதன் வாடை அந்த ஜிப்பாவிலேயே ஊறியிருக்கிறது என்று முடிவு செய்தேன். நான் ஒளியும்போது நாயை அவிழ்த்துவிடுபவரும் அவர்தான். எந்தப் பக்கம் அவிழ்க்கிறாரோ, என்ன சாடை காட்டுகிறாரோ. இரண்டு முனையும் அவர் கையில் இருந்தது.

அன்று காலை அவர் ஒளியக் கிளம்பும்போது கேட்டுவிட்டேன். நாயைச் சுவருக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.

"பாய், போறதுக்கு முன்னாடி அந்த ஜிப்பா பாக்கெட்ட கொஞ்சம் காட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மா எவனாவது பாக்கெட்டப் பாப்பானா? மனசுல இன்னா வெச்சிருக்கீங்க, சொல்லுங்க சூப்பர்வைசரே." அவர் என்னை அப்படித்தான் அழைப்பார்.

"முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. எனக்குப் பன்னெண்டுக்கு ரெண்டு. கறி கிறி எதனா..."

சிரித்தார். "கறியா? காலைல ஆறரைக்கு எந்தக் கடைக்காரன் எனக்குக் கறி போட்டான்?"

"நேத்து போட்டிருக்கலாம் இல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. பையை வெளியே இழுத்து உதறினார். ஒரு கைக்குட்டை, ஒரு சாவி, நான் கொடுத்த தோல் பின்னல். அவ்வளவுதான்.

"இந்த ஜிப்பா ஏன் தெரியுமா?" என்றார். குரல் உயரவில்லை. "நாயோட எச்சி மேல பட்டா அந்தத் துணியோட நான் தொழ முடியாது. அதுக்குன்னு இத ஒண்ணத் தனியா வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் பின்பக்கக் குழாயில நானே இத அலசிப் போட்டுட்டு, குளிச்சிட்டுத்தான் உள்ள போறேன். இந்த வயசுல உனக்கு ஏன் இந்த பேஜாருன்னு என் வீட்ல ஆறு மாசமா கேக்குறா. அந்த மனுஷனுக்கு வேற யாரும் இல்லடின்னு சொல்லிட்டு வர்றேன்."

பின்னலைப் பக்கத்துப் பாறையில் வைத்தார்.

"நாயும் உங்களுது, கணக்கும் உங்களுது. வெச்சிக்கிங்க." ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அப்போதாவது நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சுவருக்குப் பின்னால் போய், நாயின் கயிற்றை அவிழ்த்து, "தேடு" என்றேன். பையில் இல்லாவிட்டாலும் துணியில் வாடை இருக்கலாமே. இருந்தால் அவர் பின்னால் போகட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாய் மூக்கைத் தூக்கியது. இரண்டு சுற்று சுற்றியது. நூறு தப்படி தூரத்தில் பாய் நடந்துகொண்டிருந்தார்; அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பாறைக்குப் போய், பின்னலின் முன் உட்கார்ந்து மூன்று முறை குரைத்தது. வேலையை முடித்துவிட்ட பெருமையோடு என்னைப் பார்த்தது.

நாயை மறுபடி கட்டிவிட்டு, பின்னலை ஒரு புதரில் தொங்கவிட்டு வந்தேன். புதரைப் பார்த்துக் குரைத்தது. மணலுக்கடியில் வைத்தேன். மணலைப் பார்த்துக் குரைத்தது. பிறகு என் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். ஆற்றையே மூன்று முறை சுற்றிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் என்னிடம் வந்து படுத்தது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல தோலில் பனி இறங்கக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது. அதனால் நான் ஒளியும்போதெல்லாம் பின்னலை டப்பாவில் போட்டு இறுக்க மூடி மடியில் வைத்துக்கொள்வேன். பாய் ஜிப்பாப் பையில் போட்டுக்கொள்வார். மனைவி இடுப்பில் செருகிக்கொள்வாள். நோட்டைப் புரட்டினேன். நாய் என்னைக் கண்டுபிடித்த இரண்டு நாட்களுக்கும் நேராக, குறிப்புக் கட்டத்தில், என் கையெழுத்தில் இருந்தது: டப்பா எடுத்துவர மறந்தேன்.

நாய் ஆறு மாதமாக மனிதரைத் தேடவே இல்லை. தோலைத் தேடியது. "தேடு" என்றால் ஆட்டுத்தோல் என்று அதற்குச் சொல்லித்தந்தவன் நான்.

பதினாறு நாள் பாய் வரவில்லை. நாற்காலியை மனைவி தினமும் போட்டு, தினமும் எடுத்து வைத்தாள். பதினாறாவது நாள் போடாமல் நின்றாள்.

"போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன். நாக்கு தேஞ்சா பூடும்?"

"அவர் கதவத் தெறக்கலன்னா?"

"தெறக்கலன்னா திரும்பி வாங்க. இப்ப மட்டும் இன்னா, ஊரே வந்து உக்காந்துட்டு இருக்கா உங்க கூட?"

ஒரு வெள்ளை ஜிப்பா வாங்கினேன். ஒற்றைப் பொருளாகக் கொண்டுபோகக் கூடாது என்று மனைவி அரைக் கிலோ ஆற்காட்டு மக்கன் பேடாவும் வாங்கச் சொன்னாள். பாய் கதவைத் திறந்தார். நான் டப்பா, நோட்டு, பாறை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அந்தச் சொல்லை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தும் நினைவு வரவில்லை.

ஜிப்பாவைப் பிரித்துப் பார்த்தார். "இது நாய்க்கா, மனுஷனுக்கா?"

"உங்களுக்குத்தான்."

"அளவு ஜாஸ்தி. என்னைய நீங்க ஒழுங்காப் பாத்ததே இல்ல." பேடாவை எடுத்து உள்ளே கொடுத்தார். பிறகு சொன்னார்: "நாய மொதல்லருந்து பழக்குங்க. பொம்ம ஒளியறவன் கைல இருக்கக் கூடாது. பழகினதும் நீங்க ஒளியணும். டப்பா கெடையாது, நோட்டு கெடையாது, வாட்சும் போனும் கெடையாது. நாய நான் விடுவேன். எவ்ளோ நேரமானாலும் நீங்களா எழுந்து வரக் கூடாது. வந்தீங்க, அதோட நம்ம தோஸ்தி முடிஞ்சிது."

மகளும் போனில் பொம்மையைப் பற்றி அதையேதான் சொன்னாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. மனைவி நாய் பார்க்கவே பத்தடி நடந்து நிற்பாள். நாய் அவளிடம் போய்க் குரைத்த பிறகு, அவிழ்த்துவிட்டவனான நான் பின்னலைக் கொடுப்பேன். பிறகு இருபதடி. பிறகு புதருக்குப் பின்னால், வெறுங்கையோடு. அறுபத்து நான்கு முறை. நடுவில் நோன்பு மாதம் வந்தது. பாய் ஆற்றுப் பக்கம் வரவில்லை. அதைக் கோபம் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வாசலில் நின்றார், சாம்பல் ஜிப்பாவோடு.

கழுத்தளவு மணல் பள்ளம் ஒன்றில், முள் மரத்தின் அடியில் போய்ப் படுத்தேன். கையில் எதுவும் இல்லை. நேரம் தெரிய வேறு வழி இல்லாததால் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முந்நூறு வரைக்கும் நிம்மதியாக இருந்தது. நானூறில், அவர் நாயை அவிழ்த்தாரா என்று தோன்றியது. அறுநூறில், அவிழ்க்கவில்லை என்று உறுதியாகிவிட்டது. நாய் குரைத்த சத்தம் இல்லை, "தேடு" என்ற சத்தமும் எனக்குக் கேட்டிருக்கவில்லை. நான் செய்ததற்கு இது சரியான பழி. என்னைப் பள்ளத்தில் படுக்கப்போட்டுவிட்டு ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு, எப்போது எழுந்து வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து போனால் தோஸ்தி முடிந்தது. போகாவிட்டால் வெயில் ஏறும்வரை நான் முட்டாள். தொள்ளாயிரத்தில் எழுவதற்குக் கையை ஊன்றினேன். தலையை நீட்டினால் ரோடு தெரியும். ஒரே ஒரு பார்வை போதும்.

ஊன்றிய கை முள்ளில் பட்டது. நன்றாக ஏறிவிட்டது. அந்த வலியோடு அப்படியே இருந்தேன். அவர் ஆறு மாதம் குழாயடியில் ஜிப்பா அலசியதை நான் எட்டிப் பார்த்ததில்லை, ஆனாலும் அது நடந்திருக்கிறது. திரும்பப் படுத்துக்கொண்டேன். தொள்ளாயிரத்து நாற்பது, நாற்பத்தொன்று. ஆயிரத்தைத் தாண்டினேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. சும்மா படுத்திருந்தேன்.

மணல் சரிந்து முகத்தில் விழுந்தது. மேலே மூச்சிரைப்பு. நாய் பள்ளத்துக்குள் குதித்து, என் கழுத்தில் மூக்கைப் புதைத்து இரண்டு முறை இழுத்து மோந்தது. என் பையையோ கையையோ பார்க்கவில்லை. பிறகு என் முகத்துக்கு நேராகக் குரைத்தது. காது அடைத்துக்கொண்டது.

பாய் பின்னாலேயே ஓடி வந்தார், பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்வை. "மொதல்ல அந்தாண்ட போயிட்டா. தண்ணியோரம் வரைக்கும் போய் காத்துல திரும்பினா பாருங்க! நேரா இங்க!" பின்னலைப் போட்டார். நாய் அதைக் கவ்விக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"நடுவுல டீ எதனா குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "குடிச்சிருந்தா உங்களுக்கும் ஒண்ணு பார்சல் கட்டியிருப்பேன். எழுந்திருங்க சூப்பர்வைசரே, கைல ரத்தம் வருது."

கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு ஏறினேன். ரோட்டோரக் கடையில் இரண்டு டீ, நான் காசு கொடுத்தேன். மாலை நாற்காலிக்கு வந்தார், நான் கொடுத்த வெள்ளை ஜிப்பாவில். தோள் இரண்டு விரல் இறங்கித் தொங்கியது.

ஜிப்பா எழுநூற்று எண்பது, பேடா இருநூற்று நாற்பது, முள்ளுக்கு ஊசியும் கட்டும் நூற்று அறுபது, டீ முப்பது. ஆக, ஒரு ஜிப்பா பாக்கெட்டைக் காட்டச் சொன்னதற்கு ஆயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.