நின்று நின்று ஓடும் மில்

நியாசோகோவின் மாவு மில் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம் என்று ம்சிம்பா ஊர்ப்பக்கத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை. ஒரு கூடைச் சோளம் அரைத்து முடிந்ததும் டீசல் எஞ்சினை நிறுத்திவிடுவாள். வாசலுக்கு வந்து தலையைச் சாய்த்து நிற்பாள். யாரோ விறகு பிளப்பது கேட்கும், ஆடு கத்துவது கேட்கும். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு உள்ளே போய், தோள் நோகக் கைப்பிடியைச் சுழற்றி மறுபடி கிளப்புவாள். அடுத்த கூடை முடிந்ததும் மறுபடி நிறுத்துவாள்.

வியாபாரம் தெரிந்த எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். டீசல் வீணாகிறது. பொறுமையில்லாதவர்கள் கடைத்தெருவில் நிற்காமல் ஓடும் மில்லுக்குப் போய்விட்டார்கள். அவள் யாரையும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. என் மில் சத்தம் கேட்கிற தூரத்தில் யாராவது உதவி கேட்டால் எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு என்பாள். சொன்னபடி ஒருமுறை நடக்கவும் செய்தது. ஆற்றோரக் குடிசையில் பிரசவ வலியோடு தனியாகக் கிடந்தவளின் குரல் அந்த அமைதியில்தான் எட்டியது. அந்தக் குழந்தை இப்போது தெருவில் ஆட்டை விரட்டிக்கொண்டு திரிகிறது.

ஆனால் அவள் நிறுத்துவது அதற்காக மட்டும் இல்லை.

அவள் மகன் லுசுங்கு மில்லுக்குப் பின்னால் இருந்த செங்கல் குழியில் மூழ்கிப் போனவன். மண் எடுத்த குழி, மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. பந்து விழுந்ததென்று இறங்கியிருக்கிறான். களிமண் கரை வழுக்கி ஏற முடியவில்லை. கூட விளையாடிய சின்னப்பெண் பயத்தில் வீட்டுக்கு ஓடிவிட்டாள். அவன் முதலில் 'அம்மா' என்றும் பிறகு 'சித்தப்பா' என்றும் கத்தியதைப் பிற்பாடு அந்தச் சிறுமிதான் சொன்னாள். அறுவடைக்காலம், மில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் நியாசோகோ நிமிர்ந்து, யாரோ கூப்பிடுகிற மாதிரி இல்லையா என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த கொழுந்தன் லாமெக், "பெல்ட்டு கத்துது அண்ணி, மெழுகு தடவணும்" என்றான். அவள் அடுத்த கூடையைக் கொட்டினாள்.

குழியை மூடி வாழை வைத்துவிட்டார்கள். அவள் லாமெக்கை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

ஜோனி என்கிற தூரதேசத்து நகரத்தின் தங்கச் சுரங்கத்தில் உழைத்து அவள் புருஷன் அனுப்பிய காசில் வாங்கிய மில் அது. அவன் இறந்த பிறகு குடும்பச் சொத்து, அதாவது லாமெக் கையில். இந்த அறுவடைக்கு அவன் தீர்மானமாக வந்தான். இனியும் நிறுத்தினால் எஞ்சினைக் கழற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான்.

"செத்தவன் கூப்பிடமாட்டான் அண்ணி. நீங்க சும்மா காத்தைக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

"நிறுத்தினா எனக்கும் ஒண்ணும் கேக்கறதில்ல தம்பி. ஓடுறப்பதான் கூப்பிடறான். நிறுத்தலைன்னா கூப்பிட்டுக்கிட்டே இருப்பான்."

லாமெக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, இன்று ஒருநாள் நான் ஓட்டுகிறேன், நீங்கள் வெளியே உட்காருங்கள், மில் எப்படி ஓட வேண்டும் என்று பாருங்கள் என்றான். எழுந்து வரமாட்டேன் என்று வாக்கும் வாங்கிக்கொண்டான்.

தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். எஞ்சின் கிளம்பியது, நிற்கவே இல்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. இதல்லவா மில் என்று ஒருத்தி அவள் காதில் விழவே சொன்னாள். முதல் கூடை முடியும்போதே அவளுக்குக் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. அம்மா, அம்மா. இடுப்பில் சுற்றியிருந்த சிதெஞ்சே துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டாள். கூடைமேல் கூடையாக அரைபட்டது, மகனும் கூப்பிடுவதை விடவில்லை. கொடுத்த வாக்கு அவளை மூட்டையோடு கட்டிப் போட்டிருந்தது. இந்த மில் போய்விட்டால் அவன் கூப்பிடும்போது நிறுத்த யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுதாள்.

எஞ்சின் நின்றது.

ஒரு கூடை பாதிதான் அரைபட்டிருந்தது. லாமெக் வாசலில் வந்து நின்றான், புருவமெல்லாம் மாவு. வரிசையில் நின்றவள் டீசல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அவன் வாழைமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டு சரியாத்தான் இருக்கு அண்ணி," என்றான்.

அவள் வாயிலிருந்த துணியை எடுத்தாள்.

"அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. சித்தப்பான்னு கேட்டுச்சு எனக்கு. விளையாடுறான்னு நினைச்சேன். அந்தக் கூடை முடியட்டும், போய்ப் பாப்போம்னு..."

நியாசோகோ எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனைத் தொடவில்லை, வையவும் இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவனும் சாய்த்துக்கொண்டான். வரிசையில் இருந்த பெண்கள் கூடைகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார்கள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் உள்ளே போய்க் கைப்பிடியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கிளப்பு. ஒவ்வொரு கூடைக்கும் நிறுத்தணும்."